குதிரைக்காரன் காத்திருக்கும் நீதிமன்றம்

சுபாங் ஜெயாவில் ஒரு கொலை நடந்தால் வழக்கு ஷா ஆலம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கிள்ளான் பக்கம் போகும் கேடிஎம் ரயிலில் ஏறினால் பத்து தீகா தாண்டி அடுத்த நிலையம் ஷா ஆலம். 2023 ஜூலை 4 வரை அங்கே கொலைக் குற்றம் உறுதியாகிவிட்டால், தண்டனையைப் பற்றி நீதிபதி யோசிக்க எதுவும் மிச்சமிருக்காது. குற்றவியல் சட்டத்தின் 302ஆம் பிரிவில் இருந்தது தூக்கு ஒன்றுதான். செய்தவன் யார், எந்த நிலையில் செய்தான், திருந்துவானா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. இன்று அதே நாற்காலியில் அமரும் நீதிபதிக்கு இரண்டு வழிகள் உண்டு. தூக்கு விதிக்கலாம்; அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும், ஆணாக இருந்து வயது ஐம்பதைத் தாண்டாதவராக இருந்தால் குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தவுடன் ஒரு பழைய கேள்வியும் கூடவே வந்துவிட்டது. ஊர் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பதற்காக ஓர் உயிரை எடுக்கலாமா? எடுக்கலாம் என்றால், எப்போது?

இந்தக் கேள்வியோடு இரண்டாயிரம் ஆண்டுகளாக மல்லுக்கட்டி, அந்த வாதங்களையெல்லாம் எழுதியும் வைத்திருப்பவர்கள் யூதர்கள். நமக்கு அவர்கள் முற்றிலும் அந்நியரும் அல்லர். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய யூதர் கல்லறை இன்றும் இருக்கிறது. அதற்கும் முன்னால், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு முசிறிப் பகுதியில் உரிமைகள் கொடுத்தான். அந்தச் செப்பேடு பொறிக்கப்பட்டிருப்பது வட்டெழுத்தில்.

யூதர்களின் வேதமான தோராவைப் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது அச்சம்தான். முப்பதுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு அதில் மரண தண்டனை உண்டு. கொலை மட்டும் அல்ல; ஓய்வுநாளை மீறுவது, சிலை வணக்கம், பெற்றோரை அடிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் அந்த வேதத்தை வாழ்க்கைச் சட்டமாக மாற்றிய ராபிகள், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவிலும் பின்னால் வந்த தல்மூதிலும் ஒரு காரியம் செய்தார்கள். தண்டனையை ரத்து செய்யவில்லை. வேத வாக்கை ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. அந்தத் தண்டனையை எட்டும் பாதையை மட்டும் கிட்டத்தட்ட நடக்க முடியாததாக ஆக்கிவிட்டார்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் 23 நீதிபதிகள் உட்கார வேண்டும். விடுதலை செய்ய ஒரு வாக்கு அதிகமிருந்தால் போதும். குற்றவாளி என்று சொல்ல இரண்டு வாக்கு அதிகம் வேண்டும். வாதம் எப்போதும் விடுதலைக்கான பக்கத்திலிருந்துதான் தொடங்கும். மூத்தவர் சொன்னதை இளையவர் மறுத்துப் பேசத் தயங்குவார் என்பதால் இளைய நீதிபதியே முதலில் கருத்துச் சொல்வார். விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லிவிடலாம். மரணத் தீர்ப்பை அன்றே சொல்லக் கூடாது. நீதிபதிகள் இரண்டிரண்டு பேராக, சாப்பாட்டைக் குறைத்து, மது தொடாமல், இரவு முழுக்க வழக்கைப் பேசிவிட்டு மறுநாள்தான் வரவேண்டும். 23 பேரும் ஒரே குரலில் குற்றவாளி என்றால் ஆளை விட்டுவிட வேண்டும் என்றும் தல்மூதில் ஒரு கருத்து உண்டு. ஒருவருக்குக்கூட அவன் பக்கம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை என்றால், அவனுக்காக யாருமே முயலவில்லை என்றுதானே பொருள்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். இருவரும் நேரில் பார்த்திருக்க வேண்டும். குற்றத்துக்கு முன்பே குற்றவாளியை எச்சரித்திருக்க வேண்டும்: நீ செய்யப்போவது இன்ன குற்றம், இதற்கு மரண தண்டனை உண்டு என்று. அவனும் அதைக் கேட்டு, தெரியும், தெரிந்தேதான் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டு செய்திருக்க வேண்டும். சாட்சி சொல்ல வருபவர்களை நீதிமன்றம் முதலில் மிரட்டவே செய்யும். உலகத்தில் முதலில் ஒரே ஒரு மனிதன்தான் படைக்கப்பட்டான். அதனால் ஓர் உயிரைப் போக்குவது ஓர் உலகத்தையே போக்குவதற்குச் சமம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டுத்தான் விசாரணையே தொடங்கும்.

இத்தனையும் தாண்டித் தீர்ப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆளைக் கொலைக்களத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அப்போதும் நீதிமன்றம் கலையாது. வாசலில் ஒருவர் கையில் துணியோடு நிற்பார். அவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னொருவர் குதிரைமேல் காத்திருப்பார். உள்ளே யாராவது எழுந்து, இவனை விடுவிக்க என்னிடம் ஒரு வாதம் இருக்கிறது என்றால் வாசலில் நிற்பவர் துணியை வீசுவார். குதிரைக்காரன் பாய்ந்து போய் ஊர்வலத்தைத் தடுத்து நிறுத்துவான். வழியெல்லாம் ஓர் அறிவிப்பாளன் முன்னால் நடந்து, இன்னார் மகன் இன்னான் இந்தக் குற்றத்துக்காகக் கொண்டுபோகப்படுகிறான், இன்னார் இன்னார் சாட்சிகள், இவனைக் காப்பாற்றத் தெரிந்தவர் வந்து சொல்லலாம் என்று கூவிக்கொண்டே போவான். தண்டனை பெற்றவனே, எனக்காகச் சொல்ல ஒன்று இருக்கிறது என்றாலும் திருப்பிக் கொண்டுவருவார்கள். அதில் விஷயம் இருக்கும்வரை நான்கு ஐந்து முறையானாலும் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

சிலப்பதிகாரத்தை இந்தச் சட்டத்தின்முன் வைத்துப் பார்த்தால் தமிழ் வாசகருக்கு எல்லாம் தெளிவாகிவிடும். கோவலன்மேல் குற்றம் சாட்டியது ஒரு பொற்கொல்லன். ஒரே சாட்சி, அவனே உண்மைத் திருடன். ஆதாரம், கையில் இருந்த சிலம்பு. பாண்டியன் விசாரிக்கவில்லை, அந்தப்புரம் போகும் வழியிலேயே உத்தரவு போட்டுவிட்டான். கண்ணகி அரண்மனை வாசலுக்கு வந்தபோது வெட்டுண்டவன் திரும்பி வரும் நிலை தாண்டிவிட்டது. மதுரையில் அன்று குதிரைக்காரன் ஒருவன் இருந்திருந்தால் அந்தக் காவியமே இருந்திருக்காது.

ராபிகளுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவனைக் கொல்லும் நீதிமன்றமும் ரத்தவெறி பிடித்ததுதான் என்றது ஒரு தரப்பு. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் அதே பெயர்தான் என்றார் ராபி எலெயாசர் பென் அசரியா. நாங்கள் அந்த மன்றத்தில் இருந்திருந்தால் ஒருவரையும் கொல்லவிட்டிருக்க மாட்டோம் என்றார்கள் ராபி தர்போனும் ராபி அகிவாவும். உடனே ராபன் சிமியோன் பென் கமாலியேல் குறுக்கிட்டார்: அப்படிச் செய்திருந்தால் இந்த நாட்டில் கொலைகாரர்கள் பெருகியிருப்பார்கள். மிஷ்னா அந்த விவாதத்தை அவர் வாக்கோடு நிறுத்திவிடுகிறது; யார் சரி என்று சொல்லவில்லை. இவர்கள் பேசிய காலத்தில் யூத நீதிமன்றத்துக்கு உயிரெடுக்கும் அதிகாரமே இல்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே அது போய்விட்டது என்கிறது தல்மூத். ஆனாலும் ராபன் சிமியோன் எழுப்பிய அச்சம் உண்மையானது. கொடுங்கொலை செய்பவனை அரசன் ஒறுப்பதை வள்ளுவரும் பயிருக்குக் களையெடுப்பதோடுதான் ஒப்பிட்டார்.

அந்த அச்சத்துக்கு யூதச் சட்டத்திலும் ஒரு பதில் உண்டு. பலரும் வாசிக்காமல் தாண்டிப்போகும் பகுதி அதுதான்.

சாட்சியோ எச்சரிக்கையோ குறைந்ததால் தப்பிய கொலைகாரன் கைவீசி நடந்து வீட்டுக்குப் போய்விட முடியாது. சிறிய அறை ஒன்றில் அடைத்து, பற்றாக்குறை உணவு கொடுத்து, அவன் முடிவை அங்கேயே காணச் செய்யலாம் என்கிறது மிஷ்னா. அரசனுக்கு இன்னும் பெரிய அதிகாரம். காலத்தின் தேவையைப் பார்த்து, ஒரே சாட்சியை வைத்தும், எச்சரிக்கை இல்லாமலும்கூட அவன் கொலைகாரனைக் கொல்லலாம். ஒரே நாளில் பலரைத் தூக்கிலிட்டுப் பல நாள் தொங்கவும் விடலாம் என்று எழுதினார் 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடஸ். ஆயிரம் குற்றவாளிகளை விட்டாலும் ஒரு நிரபராதியைக் கொல்லக் கூடாது என்று எழுதியவரும் இதே மைமோனிடஸ்தான். நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. கிரேக்கர் ஆட்சிக் காலத்தில் ஓய்வுநாளில் குதிரை ஏறிய ஒருவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். சட்டப்படி அவன் அதற்கு உரியவன் அல்லன். அந்த நேரம் அதைக் கேட்டது, அதனால் செய்தார்கள் என்கிறது தல்மூத்.

அவசரத்துக்கென்று தனியே எடுத்து வைத்த சாவி அது. அதைக் கையில் எடுத்தவர்களில் மிகவும் பேசப்படுபவர் சிமியோன் பென் ஷெதாக். கி.மு. முதல் நூற்றாண்டில் சன்ஹெத்ரின் மாமன்றத்துக்குத் தலைமை வகித்தவர். அரசி சலோமியின் சகோதரர் என்பது மரபு. அவரைப் பற்றி மூன்று கதைகள் உண்டு. தனித்தனியாகச் சொல்வதுதான் வழக்கம். சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் கனம் தெரிகிறது.

முதல் கதையில், ஒருவன் இன்னொருவனைப் பாழடைந்த கட்டடத்துக்குள் துரத்துவதை அவரே பார்க்கிறார். பின்னால் ஓடுகிறார். உள்ளே ஒருவன் வெட்டுண்டு துடிக்கிறான். மற்றவன் கையில் வாள், வாளில் ரத்தம் சொட்டுகிறது. கொன்றது நீயா நானா என்று கேட்கிறார். ஆனால் வெட்டியதைக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டாவது சாட்சியும் இல்லை. உன்னைத் தண்டிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, கடவுள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி விட்டுவிடுகிறார். இரண்டாவது கதையில் இதே மனிதர் அஸ்கலான் நகரில் சூனியக்காரிகள் என்று கருதப்பட்ட 80 பெண்களை ஒரே நாளில் தூக்கிலிடுகிறார். ஒரே நாளில் ஒரு மன்றம் இரண்டு மரண வழக்கை விசாரிக்கக் கூடாது என்பது விதி. 80 பேர்! நேரத்தின் தேவை என்பதுதான் அவர் பக்க நியாயம்.

மூன்றாவது கதையை யூத மரபு இப்படிச் சொல்கிறது. தூக்கிலிடப்பட்ட பெண்களின் உறவினர்கள் பழிவாங்கத் துடித்தார்கள். அவர் மகன்மேல் மரண தண்டனைக்குரிய பொய்க்குற்றம் சுமத்தி, இரண்டு சாட்சிகளும் சொன்னார்கள். இப்போது இரண்டு சாட்சி இருக்கிறது; சட்டம் முழுமையாக நிறைவேறிவிட்டது. மகனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகும்போது சாட்சிகள் மனம் இளகி, நாங்கள் சொன்னது பொய் என்றார்கள். தந்தை திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். மகன் மறுத்தான். ஒருமுறை சொன்ன சாட்சியத்தைப் பின்வாங்க முடியாது என்பதும் சட்டம்தான். உங்கள் வழியாக நாட்டுக்கு நன்மை வரவேண்டும் என்றால் என்னை வாசற்படியாக நினைத்துத் தாண்டிப் போங்கள் என்றான். போனான்.

சட்டத்தைத் தாண்டித் தூக்குக்கயிற்றை எடுத்த கைக்கு அது என்ன விலை கேட்கும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொன்ன மரபு வேறு இருக்குமா என்பது சந்தேகம். அதனால்தான் மைமோனிடஸ் அந்த அதிகாரத்தை விவரித்த கையோடு எல்லையும் போட்டார்: நீதிமன்றம் அந்த நேரத்துக்காக இப்படிச் செய்யலாம், ஆனால் அதைத் தலைமுறைகளுக்கான சட்டமாக நிலைநிறுத்தக் கூடாது. மனிதனின் மதிப்பு கண்ணில் இலேசாகிவிடக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த எல்லை எப்போதும் காக்கப்படவில்லை. ஜெர்மனியிலிருந்து தப்பி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் டொலிடோ நகருக்கு வந்த ராபி அஷேர் பென் யெகியேல், அங்கே யூத மன்றங்கள் மரண வழக்குகளையும் விசாரிப்பதைப் பார்த்துத் திகைத்தார். வேறெங்கும் இப்படிக் கேள்விப்பட்டதில்லை என்று எழுதினார். ஆனாலும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அரசாங்க நீதிமன்றத்துக்குப் போனால் இன்னும் அதிக ரத்தம் சிந்தும் என்பது அவர் கணக்கு. நம் காலத்தில் நடந்தது இன்னும் மோசம். ஒருவன் இன்னொருவனைக் கொல்லத் துரத்தும்போது வேறு வழியில்லை என்றால் துரத்துபவனைக் கொல்லலாம் என்று யூதச் சட்டம் அனுமதிக்கிறது. காலில் அடித்து நிறுத்த முடிந்தும் கொன்றால் கொன்றவனே குற்றவாளி. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் இஸ்ரேல் பிரதமர் இட்ஸாக் ராபினைச் சுட்ட யிகால் அமீர் இந்த விதியைத்தான் சாக்காகச் சொன்னான். பாலஸ்தீனரோடு ஒப்பந்தம் போட்டதால் யூதரின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கிறார், ஆகவே அவர் துரத்துபவர் என்பது அவன் வாதம். இருட்டில் ஓடிவரும் கொலைகாரனிடமிருந்து ஒருவனைக் காப்பாற்ற எழுதப்பட்ட விதி, ஓர் அரசியல் கருத்தைக் கொல்லப் பயன்பட்டது.

இந்த வரலாற்றோடு மலாயாவுக்குத் திரும்பினால், இங்கே நடந்ததன் பொருள் கூர்மையாகத் தெரியும்.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்ட பிறகு பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. அந்த விதிகளின்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச்சில் பிடிபட்டார். தஞ்சை மண்ணிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகப் போராடியவர். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. அதைக் கண்டெடுத்தேன், காவல் நிலையத்தில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்றார் அவர். இந்திய அரசின் சார்பில் அவர் உயிருக்காக மன்றாடியும் பயனில்லை. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கைதிலிருந்து கயிறு வரை எல்லாம் சுமார் இரண்டே மாதத்தில் முடிந்துவிட்டது. இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் அதற்கு முந்தைய நாள் நெகிரி செம்பிலானில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கணபதியைப் பற்றி நம் வீடுகளில் பேசுவார்கள். சாம்பசிவத்தைப் பற்றிச் சட்டக் கல்லூரி மாணவர்கள்தான் பேசுவார்கள். அவரும் தமிழர், ஜோகூரில் அதே அவசரகாலத்தில், துப்பாக்கி ஏந்தியதாக அதே குற்றச்சாட்டு, அதே தூக்குத் தண்டனை. ஆனால் அவர் மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டாக்கள் வைத்திருந்த குற்றத்திலிருந்து அவர் ஏற்கெனவே விடுதலையானவர். அந்த விடுதலைக்கு முரணான வாக்குமூலத்தைத் துப்பாக்கி வழக்கின் மறுவிசாரணையில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது தவறு என்று கண்டறிந்து 1950இல் தண்டனையை ரத்து செய்தார்கள். ஒரே காலம், ஒரே வகைக் குற்றச்சாட்டு. ஒருவர் வழக்கில் யாரோ துணியை வீச நேரம் இருந்தது.

அவசரகாலம் 1960 ஜூலை 31 அன்று முடிந்தது. சாவி மட்டும் பூட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், இசா, நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கிக்கான கட்டாயத் தூக்கும் அதன் 57ஆம் பிரிவில் குடியேறியது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு மீண்டும் அவசரகாலம். 1977இல் பினாங்கில் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நீதிமன்றம் தூக்கு விதித்தது. விதிக்காமல் இருக்க நீதிபதிக்கு வழியில்லை. அவனுக்காக வாதாடியவர் கர்பால் சிங். நாடே அதிர்ந்தது, வழக்கறிஞர் மன்றம் அவசரகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ் நடக்கும் வழக்குகளைப் புறக்கணிக்கும்படி தன் உறுப்பினர்களிடம் சொன்னது. கடைசியில் மன்னிப்பின் மூலம்தான் சிறுவன் பிழைத்தான். 1969இல் போட்ட அந்த அவசரகாலப் பிரகடனத்தை நாடாளுமன்றம் விலக்கிக்கொண்டது 2011 நவம்பரில். ஒரு கலவரத்துக்காக வந்த அவசரம் 42 ஆண்டுகள் நீடித்தது.

போதைப்பொருள் சட்டத்தின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. கடத்தலுக்குத் தூக்கு 1975இல் வந்தது. 1983இல் அது கட்டாயமானது. போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று அரசு அறிவித்த காலம் அது. 1986 ஜூலை 7 அன்று புடு சிறையில் பார்லோ, சேம்பர்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்களைத் தூக்கிலிட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தச் சட்டத்தின் உள்ளே இருந்ததை ராபிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 15 கிராம் ஹெரோயின் இருந்தால் நீ கடத்தல்காரன் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீ. 2014இல் அதற்குமேல் ஒரு படி போய், பை உன்னிடம் இருந்தது, ஆகவே உள்ளே இருப்பது உனக்குத் தெரியும், தெரியும் என்பதால் நீ கடத்தினாய் என்று அனுமானத்தின்மேல் அனுமானத்தை அடுக்கவும் இடம் கொடுத்தார்கள். எச்சரிக்கையையும் ஒப்புதலையும் கேட்ட பழைய சட்டத்துக்கு நேர் எதிர்த்திசை இது. அந்த இரட்டை அனுமானத்தை 2019 ஏப்ரல் 5 அன்று கூட்டரசு நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்.

ஈப்போக்காரர் நாகேந்திரன் தர்மலிங்கத்தை மலேசியத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2009 ஏப்ரலில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில், தொடையில் கட்டியிருந்த 42.72 கிராம் ஹெரோயினோடு பிடிபட்டபோது அவருக்கு வயது 20. நுண்ணறிவு அளவு 69 என்று ஒரு மருத்துவ மதிப்பீடு சொன்னது. தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரியும் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. மலேசியப் பிரதமரும் கடிதம் எழுதினார். 2022 ஏப்ரல் 26 அன்று, தூக்குக்கு முந்தைய நாள், அவருடைய தாய் பாஞ்சாலை நீதிமன்றத்தில் கடைசி மனுவோடு நின்றார். அன்றே தள்ளுபடி. விசாரணை முடிந்ததும் கண்ணாடித் தடுப்பில் இருந்த சிறு இடைவெளி வழியாகக் குடும்பத்தார் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மறுநாள் விடியலில் சாங்கி சிறையில் எல்லாம் முடிந்தது.

கடைசி நேர மனுக்கள் நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சிங்கப்பூர் கருதுகிறது. அதே ஆண்டு இறுதியில், மரண வழக்குகளில் மேல்முறையீடு முடிந்தபின் வரும் மனுக்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. ஒருவன் உண்மையிலேயே வீண் மனு போடலாம், நேரத்தைக் கடத்தலாம் என்பது மிஷ்னாவை எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் சொல்வதில் விஷயம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஆனால் முதல் இரண்டு முறை விஷயம் இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று தல்மூத் விளக்குகிறது. பயத்தில் அவனுக்கு வாய் குழறியிருக்கலாம் அல்லவா?

இவ்வளவும் சொன்ன பிறகு, கொல்லப்பட்டவர் பக்கம் நிற்காமல் போனால் அது நியாயமாகாது. 2010 ஆகஸ்ட்டில் பந்திங்கில் அழகுசாதனத் தொழிலதிபர் சோசிலாவதி லாவியாவும் உடன்சென்ற மூவரும் கொல்லப்பட்டார்கள். உடல்களை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்கள் என்பது வழக்கு. நேரில் பார்த்த சாட்சி இல்லை, உடலும் இல்லை. சூழ்நிலைச் சான்றுகளை ஒன்றோடொன்று கோத்துத்தான் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2013இல் முன்னாள் வழக்கறிஞர் ஒருவர் உட்பட நால்வரைக் குற்றவாளிகள் என்றது. அந்த முன்னாள் வழக்கறிஞர் மீதான தீர்ப்பை 2017இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. சன்ஹெத்ரினின் 23 பேர் முன்னால் இந்த வழக்கு ஒரு மணி நேரம்கூட நின்றிருக்காது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு வழக்கு விடுதலையில் முடிந்திருந்தால் யாருக்காவது தூக்கம் வந்திருக்குமா? ராபன் சிமியோனின் கேள்வியை இந்த இடத்தில் தட்டிக்கழிக்க முடியாது. அரசனின் அதிகாரத்தையும் அந்தச் சிறிய அறையையும் யூத மரபு கைவிடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் இப்படிப்பட்ட வழக்குகள்தான்.

கொன்றவன் யாரென்றே தெரியாத சாவும் உண்டு. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா யூஎஸ்ஜே 25இல் சீபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரத்தின்போது பணியில் காயமடைந்த இளம் தீயணைப்பு வீரர் டிசம்பர் 17 அன்று இறந்தார். அடையாளம் தெரியாத இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ செய்த குற்றச்செயலால் இறந்தார் என்று 2019 செப்டம்பரில் மரண விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளியில் ஒருவன் கொல்லப்பட்டுக் கிடந்து, கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று தோரா ஒரு விதியே எழுதி வைத்திருக்கிறது. அங்கிருந்து எல்லா ஊர்களுக்கும் தூரம் அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அருகிலோ அந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து ஒரு கிடாரியின் கழுத்தை முறித்து, கை கழுவி, இந்த ரத்தத்தை எங்கள் கைகள் சிந்தவில்லை என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்களா கொன்றிருப்பார்கள்? இல்லை, வந்தவனைத் துணையில்லாமல் அனுப்பினோமா, பாதுகாப்பில்லாமல் விட்டோமா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று மிஷ்னா விளக்கம் தருகிறது. குற்றவாளி கிடைக்காத இடத்திலும் பொறுப்பு காற்றில் கரைந்துவிடக் கூடாது. பழிக்கு ஏதோ ஓர் ஆளைத் தேடிப்பிடிப்பதும் கூடாது.

யூத நாடு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு: இஸ்ரேல் 1954இல் கொலைக்கான மரண தண்டனையை ரத்து செய்தது. நாஜிகளின் இனக்கொலைக்கு மரண தண்டனை நீடித்தது; அடால்ஃப் ஐக்மன் 1962இல் தூக்கிலிடப்பட்டார். வழக்கமான நீதிமன்றம் விதித்து நிறைவேறிய மரண தண்டனை அது ஒன்றுதான். ஆனால் 1948இல், நாடு பிறந்து சில வாரங்களுக்குள், மேயர் தோபியான்ஸ்கி என்ற அதிகாரியை உளவாளி என்று அவசர அவசரமாக விசாரித்து அன்றே சுட்டுக்கொன்றார்கள். அடுத்த ஆண்டு அவர் நிரபராதி என்று அறிவித்தார்கள். 2025 நவம்பரில், பயங்கரவாதக் கொலைகளுக்கு மரண தண்டனை கேட்கும் மசோதா இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் முதல் வாசிப்பைத் தாண்டியது. சமயப் பெரியவர்களுக்குள்ளேயே அங்கே இதில் பிளவு உண்டு.

மலேசியாவில் 2018 அக்டோபரில், மரண தண்டனையை முழுவதுமாக ஒழிப்போம் என்றார் அப்போதைய சட்ட அமைச்சர் லியூ வுய் கியோங். கொலையுண்டவர்களின் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. சில மாதங்களில் அரசு ஒரு படி இறங்கி, கட்டாயத்தை மட்டும் நீக்குவோம் என்றது. முன்னாள் தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் தலைமையில் குழு, ஆட்சி மாற்றங்கள் என்று ஆண்டுகள் ஓடி, 2023 ஏப்ரல் 3 அன்று மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. அவையில் அதை முன்னின்று நடத்திய அப்போதைய சட்டத்துறைத் துணை அமைச்சர் ராம்கர்பால் சிங், 14 வயதுச் சிறுவனுக்காக வாதாடிய கர்பாலின் மகன். தந்தை 2014இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார்.

மரண தண்டனைக் கைதிகளும் இயற்கை மரணம் வரை சிறை விதிக்கப்பட்டவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம் என்று தனிச் சட்டமும் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் விசாரணைகள் தொடங்கின. பலரின் தூக்கு 30 அல்லது 40 ஆண்டுச் சிறையாக மாறியது. சில வழக்குகளில் கொலையின் கொடூரத்தைக் கருதித் தூக்கே நிலைத்தது. ஒவ்வொருவரின் வயது, உடல்நிலை, சிறையில் நடந்துகொண்ட விதம், கொல்லப்பட்டவரின் குடும்பம் சொல்வது எல்லாவற்றையும் நீதிபதிகள் கேட்டார்கள். தீர்ப்பாகிப் பல ஆண்டுகள் கழிந்த வழக்குகளில், உயிரோடிருக்கும் மனிதனைப் பற்றி முதல் முறையாகக் கேட்கப்பட்ட கேள்விகள் அவை.

தூக்கு மேடை இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2018இல் நிறுத்தி வைத்த நிறைவேற்றத்தை அரசு நினைத்தால் மீண்டும் தொடங்கலாம். நிறுத்தி வைத்ததற்குச் சட்டம் காவல் நிற்கவில்லை, அமைச்சரவையின் முடிவுதான் நிற்கிறது. நாளை ஒரு கொடூரக் கொலை, ஒரு கலவரம், தேர்தலுக்கு முன் ஒரு பீதி வந்தால், கட்டாயத் தூக்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் குரல் முதல் நாளே எழும். ஒருவேளை அந்த நேரத்துக்கு ஏதேனும் கடுமை தேவையாகவும் இருக்கலாம். அப்போது நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் கேட்க வேண்டியது, இது எத்தனை நாளைக்கு, எந்தத் தேதியில் காலாவதியாகும், கடைசி நிமிடத்தில் வரும் ஒரு தாயின் மனுவை யார் படிப்பார் என்பவற்றை. சாங்கி சிறையில் மலேசியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கு கிராம் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.